மனுவும் பதிலும் ஒரே பேனாவில்

போன வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாசல் திறந்தார்கள்.

வாசல் என்றால் சாதாரண வாசல் இல்லை. சிமெண்ட் ஆர்ச். இரண்டு பக்கமும் யானை, உச்சியில் கலைமகள், நடுவில் எங்கள் மேனேஜருடைய தகப்பனார் பெயர் — கலைமகளை விடக் கொஞ்சம் பெரிதாக. காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து ரிப்பன் வெட்டினார். மேளம் முழங்க எல்லோரும் ஆர்ச்சுக்குள் புகுந்து உள்ளே போனோம்.

உள்ளே எது, வெளியே எது என்றுதான் தெரியவில்லை. ஏனென்றால் எங்கள் பள்ளிக்கு மதிற்சுவர் கிடையாது. வேலியும் கிடையாது. பொட்டலில் ஆர்ச் மட்டும் தனியாக நிற்கிறது. பையன்கள் வழக்கம்போல ஏரிக்கரைப் பக்கமாக வந்து சேர்ந்தார்கள். ஆடுகளும் அப்படியே. ஆர்ச் வழியாக வந்தது அதிகாரியும், அவரை வரவேற்க வெயிலில் நிறுத்தப்பட்டிருந்த ஆசிரியர்களாகிய நாங்களும்தான்.

'என்ன சார், வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தைப் பற்றியே எழுதுகிறீரே, வேலை போகாதா?' என்று கேட்பீர்கள். போகாது. வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களுக்கு நான் உத்திரமேரூர்ப் பக்கத்துச் சரித்திர வாத்தியார் என்பது தெரியும். எங்கள் மேனேஜருக்கு நான் எழுதுகிறேன் என்பதே தெரியாது. அவருக்கு வருகிற காகிதம், பத்திரிகை எல்லாவற்றையும் படித்துச் சொல்பவர் எங்கள் தமிழய்யா. இந்தக் கட்டுரையையும் அவர்தான் படித்துச் சொல்ல வேண்டும். படிக்கும்போதே பாராட்டுரையாக மாற்றிவிடுவார். அவ்வளவு புலமை.

இந்த வாரம் அந்தத் தமிழய்யாவைப் பற்றியும், எஸ்தர் டீச்சரைப் பற்றியும்தான்.

முதலில் எங்கள் பட்ஜெட்டைச் சொல்லிவிடுகிறேன். பள்ளியை நடத்த ஒரு கமிட்டி உண்டு. மேனேஜர் ஏகாம்பரம் — ரைஸ் மில், நிலபுலன் எல்லாம் உள்ளவர் — அதற்குத் தலைவர். உறுப்பினர்கள் யார்? அவருடைய மச்சான், மாப்பிள்ளை, சம்பந்தி. காபி ஆறுகிறதா என்று பார்த்துக்கொள்ள எங்கள் ஹெட்மாஸ்டர். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இதே உத்திரமேரூரில், கணக்குக் காட்டாதவன் மட்டுமில்லை, அவன் உறவுக்காரன்கூட வாரியத்துக்கு வரக் கூடாது என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பாடத்தில் அது இருக்கிறது. கமிட்டி கூடுகிற அறைக்குப் பக்கத்து வகுப்பில் நான் அதைச் சத்தமாகத்தான் நடத்துகிறேன். சுவர் கொஞ்சம் கனம்.

இந்த வருஷம் கமிட்டி கூடி முடிவு செய்தது என்னவென்றால்... முதல் செலவு ஆர்ச். இரண்டாவது, ஆர்ச் திறப்பு விழா. மூன்றாவது, திறப்பு விழாவை ஃபோட்டோ எடுப்பது. கடைசியில் 'நிதி இருப்பின்' என்று ஒரு தலைப்பு. ஒழுகுகிற சயின்ஸ் ரூமும், அதில் குடை பிடிக்காத குறையாகப் பாடம் நடத்தும் எஸ்தர் டீச்சரும் அந்தத் தலைப்பின் கீழ் வருவார்கள்.

எஸ்தர் டீச்சர் மாகறல்காரர். அப்பா அம்மா இரண்டு பேரும் வயல் வேலைக்குப் போகிறவர்கள். மிஷன் ஹாஸ்டலில் தங்கிப் படித்து பி.எஸ்ஸி. வாங்கியவர். அந்தத் தெருவில் முதல் பட்டதாரி அவர்தான். அவருடைய சம்பளத்தில் ஒரு வீடே சாப்பிடுகிறது.

ஆனால் எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம். தற்காலிக ஆசிரியர் என்றால், ஏப்ரலில் 'விடுவிக்கப்படுகிறீர்' என்று ஒரு ஆர்டர். ஜூனில் 'நியமிக்கப்படுகிறீர்' என்று இன்னொரு ஆர்டர். நடுவில் இருக்கிற கோடை லீவுச் சம்பளம் நிர்வாகத்துக்கு மிச்சம். இதனால் எஸ்தர் டீச்சர் வருஷா வருஷம் புதிதாக வேலைக்குச் சேர்ந்தார். தொடர்ந்து இருந்தால்தானே பெர்மனென்ட்? தொடர விட்டால்தானே தொடர்வது?

இந்த வருஷத்து ஆர்டரில் கூடுதலாக ஒரு வரி. 'மீண்டும் நியமனம் நிதிநிலையைப் பொறுத்தது.' நிதிநிலைதான் யானையும் கலைமகளுமாக எழும்பிக்கொண்டிருந்ததே. ஏப்ரல் கடைசியிலிருந்து அமலுக்கு வரும் என்று அந்த ஆர்டரை ஹெட்மாஸ்டர் டீச்சர் கையில் கொடுத்தார். டீச்சர் அதை மடித்து டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

எங்களுக்குத்தான் ரத்தம் கொதித்தது. இன்றைக்கு அவர், நாளைக்கு நாம் அல்லவா? ஆசிரியர் சங்கம் வைப்பது என்று அன்று சாயங்காலமே முடிவானது.

சங்கம் என்றால் செயலாளர் வேண்டும். அப்போதுதான் எல்லோருக்கும் வீட்டில் அவசர வேலை ஞாபகம் வந்தது. கணக்கு வாத்தியாருக்கு ரத்த அழுத்தம். டிராயிங் மாஸ்டருக்கு மகள் கல்யாணம். எனக்குப் பத்திரிகை வேலை. கடைசியில் நான்தான் யோசனை சொன்னேன்: நம் ஊர் முறை இருக்கவே இருக்கிறது, குடவோலை போடுவோம். அந்தக் காலத்தில் பதவிக்குப் பலர் போட்டி போட்டதால் பானையில் சீட்டுப் போட்டார்கள். நாங்கள் யாரும் போட்டியிடாததால் போட்டோம். தண்ணீர்ப் பானையைக் கவிழ்த்துத் துடைத்து, பெயர்களை எழுதிப் போட்டு, பியூனை விட்டு எடுக்கச் சொன்னோம்.

வந்தது தமிழய்யா பெயர்.

அவர் நல்ல மனிதர். கைசுத்தம் உள்ளவர். ஒரே ஒரு சங்கடம். மேனேஜருக்கு வருகிற கடிதத்தைப் படித்துச் சொல்வதோடு, பதில் எழுதுவதும், மேடைப் பேச்சு எழுதித் தருவதும், மில்லுக்கு ஆயுத பூஜை அழைப்பிதழ் எழுதுவதும் அவர்தான். மேனேஜர் எழுத்துக் கூட்டிப் படிப்பார். நெல் மூட்டைச் சீட்டெல்லாம் படித்துவிடுவார். தமிழய்யாவின் தமிழைப் படிக்க அவருக்குப் பொறுமை கிடையாது. எங்களுக்கே கிடையாது. கையெழுத்துப் போடுவதோடு சரி.

சங்கத்தின் முதல் மனு தயாரானது. 'மாணாக்கர்தம் அறிவுப் பயிருக்கு நீர் பாய்ச்சும் மங்கை நல்லாளைக் கோடையில் வாடவிடுதல் தகுமோ?' என்று தொடங்கியது. கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். எஸ்தர் டீச்சர் மட்டும் ஒரு தரம் என்னைப் பார்த்தார்.

தமிழய்யாவே மனுவை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனார். அவரே மேனேஜருக்குப் படித்துக் காட்டினார். அங்கே நடந்ததை ஒளிக்காமல் எங்களிடம் வந்து சொன்னதும் அவர்தான்.

"நல்லா எயுதிக்கீறான்யா. யாரு எயுதினது?" என்றாராம் மேனேஜர்.

"அடியேன்தான்."

"கேக்கவே சோக்கா கீது. சரி, பதில் எயுதிடு. முடியாதுன்னு."

எழுதினார். சும்மா எழுதவில்லை... வெளுத்து வாங்கினார். 'கல்விக்கோயிலுக்குக் கோபுரம் எழுப்புங்காலை, கூலிக்குக் குரல் எழுப்பும் சிறுமதியாளரே' என்று ஆரம்பம். மறுநாள் சங்கக் கூட்டத்தில், செயலாளர் என்ற முறையில், அதை ஏற்ற இறக்கத்தோடு அவரே வாசித்தார். கணக்கு வாத்தியார் ரத்த அழுத்தத்தையும் மறந்து எழுந்துவிட்டார்.

"இவ்வளவு திமிரா எழுதினவன் கையை ஒடைக்கணும் சார்."

தமிழய்யா அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

கூட்டம் முடிந்து போகும்போது கேட்டேன்: "ஏன் சார், பதிலைக் கொஞ்சம் சாந்தமாக எழுதியிருக்கலாமே?"

"மனு அவ்வளவு உருக்கமா அமைஞ்சிட்டுது. பதில் அதுக்கு ஈடு கொடுக்க வேணாமா? ரெண்டும் என் பேனா இல்லியா?"

பின்னாலேயே வந்துகொண்டிருந்த எஸ்தர் டீச்சர் சொன்னார்: "ரெண்டும் நல்லாத்தான் கீது சார். எனக்கு ஜூன்ல வேலை கீதா இல்லியான்னுதான் ரெண்டுலயும் தெரியல."

தமிழய்யா அடுத்த மனுவை இன்னும் உருக்கமாக எழுதினார். அதற்கு வந்த மறுப்பு இன்னும் உக்கிரமாக இருந்தது. இப்படியே மனுவும் மறுப்புமாகப் பங்குனி போய்விட்டது. உலகத்தில் எத்தனையோ தொழிற்சங்கப் பேச்சுவார்த்தைகள் நடந்திருக்கும். ஒரே ஆள் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து இரு தரப்புக்கும் விட்டுக்கொடுக்காமல் நடத்திய பேச்சுவார்த்தை எங்களுடையதாகத்தான் இருக்கும்.

கடைசியில் சங்கம் ஆயுதத்தை எடுத்தது. ஒத்துழையாமை. பாடம் நடத்துவதை நிறுத்தவில்லை — அது பையன்களுக்குச் செய்கிற துரோகம். மேனேஜர் வீட்டு வேலைகளை நிறுத்தினோம். அப்போதுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கணக்கு வாத்தியார் மில் கணக்கு எழுதுகிறார். டிராயிங் மாஸ்டர் அவர்கள் வீட்டு மாட்டு வண்டிக்கு வர்ணம் அடிக்கிறார். நான் அவருடைய கடைசி மகனுக்கு ராத்திரி டியூஷன் எடுக்கிறேன். இதையெல்லாம் நாங்கள் வேலை என்றே நினைத்ததில்லை. மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

தமிழய்யாவும் பேனாவை மூடினார். படிப்பதில்லை, எழுதுவதில்லை.

அதற்குப் பிறகு எங்கள் மனுவுக்குப் பதிலே வரவில்லை. ஒரு வாரம் பார்த்தோம். பதில் தராமல் அலட்சியம் செய்யும் நிர்வாகத்தைக் கண்டித்து ஒரு தீர்மானம் போட்டோம். அதற்கும் பதில் இல்லை. எப்படி வரும்? பதில் எழுத வேண்டியவர்தானே கண்டனத்தை எழுதிக்கொண்டிருக்கிறார்? படித்துச் சொல்ல ஆளில்லாமல் எங்கள் காகிதங்கள் மில் மேஜையில் தவிட்டோடு தவிடாகக் கிடந்தன என்று பியூன் வந்து சொன்னார்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், ஆசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். மேனேஜரே வந்துவிட்டார். எல்லோரும் எழுந்து நின்றோம். சங்கம் வைத்த பிறகு எழுந்து நிற்கலாமா கூடாதா என்று தீர்மானம் போட மறந்திருந்தோம்.

"உக்காருங்க, உக்காருங்க. இன்னா வாத்யாருங்களே, ஒரே பேஜாரா கீது. காயிதம் மேல காயிதம் அனுப்பிக்கினே கீறீங்க. படிக்கறவரையும் நிறுத்திட்டீங்க. நான் இன்னாதான் பண்றது? அதான் நேரா வந்துட்டேன். இன்னா வேணும், வாயால சொல்லுங்க."

யாரும் வாயைத் திறக்கவில்லை. எழுதியே பழகிய சங்கம் அல்லவா? தமிழய்யா தொண்டையைச் செருமிக்கொண்டார். "உயர்திரு தாளாளர் அவர்களின் திருமுன்..."

"அத்த வுடு வாத்யாரே. யாருக்கு வேலை போவுது? அந்த ஆளு எங்க?"

எஸ்தர் டீச்சர் கையை அலம்பிக்கொண்டு வந்து நின்றார். மேனேஜர் அவரை உற்றுப் பார்த்தார்.

"உன்னை எங்கியோ பாத்துக்கீறேனேம்மா."

"நம்ம சயின்ஸ் டீச்சர்தாங்க. வருஷா வருஷம் ஐயாதான் ஆர்டர்ல கையெழுத்துப் போடறீங்க" என்று ஹெட்மாஸ்டர் எடுத்துக் கொடுத்தார்.

"ஆர்டர்ல மூஞ்சியா கீது? வேற எங்கியோ பாத்தேன்."

"மாகறல் கொல்லையிலங்கய்யா," என்றார் டீச்சர். "போன மே மாசம் உங்க வேர்க்கடலைதான் பறிச்சேன். எங்கம்மாகூட வந்தேன். நீங்க குடை புடிச்சிக்கினு வரப்பு மேல நின்னுக்கினு இருந்தீங்க."

ஜூனில் பள்ளி திறந்ததும் நாங்கள் வழக்கமாகக் கேட்போம், லீவு எப்படிப் போச்சு டீச்சர் என்று. 'போச்சு சார்' என்பார். ஊட்டிக்குப் போனது, மெட்ராஸுக்குப் போனது என்று நாங்கள் எங்கள் கதையைச் சொல்ல ஆரம்பிப்போம். அதை நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

மேனேஜருக்கு வெட்கம் எதுவும் இல்லை. ஆச்சரியம்தான்.

"அப்ப வருசம் பூரா என் கிட்டதான் வேலை செஞ்சிக்கினு கீறே."

"ஆமாங்கய்யா. அறுப்பு முடிஞ்சா எங்க நைனாவ நிறுத்திடுவீங்க, நடவுக்குக் கூப்பிடுவீங்க. என்னை ஏப்ரல்ல நிறுத்திட்டு ஜூன்ல கூப்பிடறீங்க. பொண்ணு படிச்சா அது மாறும்னுதான் அவரு என்னைப் படிக்க வெச்சாரு. மாறல."

"வேலையில்லாத மாசத்துக்கு யாராச்சும் கூலி குடுப்பாங்களாம்மா?" கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"குடுக்காதீங்க. ஆனா இந்த வாட்டி நிறுத்தினா ஜூன்ல நான் வர மாட்டேன். வாலாஜாபாத்ல ஒரு ஸ்கூல்ல கூப்பிடறாங்க. கடலைக்கும் வர மாட்டேன். நடவு நேரத்துல ஆளு வேற ஊருக்குப் போயிட்டா இன்னா ஆவும்னு உங்களுக்கு நான் சொல்லணுமாங்கய்யா?"

மேனேஜர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எங்கள் மனுக்களில் எத்தனை அணி இருந்தது, எத்தனை எதுகை இருந்தது... அதெல்லாம் எட்டாத இடத்தை இது போய்த் தொட்டுவிட்டது.

"சயின்ஸுக்கு ஆளு இல்லன்னா இன்ஸ்பெக்டரு இன்னா பண்ணுவாரு?" என்று ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"அங்கீகாரத்துல கை வெச்சிடுவாருங்க."

"அத்து பூட்டா?"

"ஆர்ச்சு மட்டும்தாங்க மிஞ்சும்."

ஹெட்மாஸ்டர் வாழ்நாளில் பேசிய ஒரே தைரியமான வாக்கியம் அதுதான். பேசிவிட்டு அவரே பயந்துபோய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேனேஜர் ஜன்னல் வழியாக ஆர்ச்சை எட்டிப் பார்த்தார். "சரி. அந்தம்மாவ நிறுத்த வேணாம். லீவு சம்பளமும் குடுத்துடு."

"எயுத்துல குடுத்துடுங்கய்யா," என்றார் எஸ்தர் டீச்சர்.

"குடுத்தா போவுது. வாத்யாரே, எயுது."

தமிழய்யாவின் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குள் இருந்த பேனாவுக்குப் போனது. பாதியில் நின்றது.

"மன்னிக்கணும் ஐயா. சங்கக் கட்டுப்பாடு. பொதுக்குழு கூடி ஒத்துழையாமையை விலக்கிக்கொண்டால்தான் அடியேன் எழுத முடியும்."

"சார், நாம கேட்டதைத்தான் கொடுக்கிறார்," என்று அவர் காதில் சொன்னேன்.

"அதனாலதான் சொல்றேன். முறைப்படி வாங்க வேணாமா?"

கணக்கு வாத்தியாரும் தலையை ஆட்டினார். பொதுக்குழு என்றால் முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்க வேண்டுமாம். விதியை அவர்தான் எழுதினார். மேனேஜர் கிளம்பிவிட்டார்.

"அப்ப நீங்க கூட்டம் போட்டு முடிங்க. அப்பாலிக்குப் பாத்துக்கலாம்."

அவருடைய 'அப்பாலிக்கு' எங்களுக்குப் பழக்கமானது. ஆர்ச் திறக்கட்டும் என்பார், விழாக் கணக்கு முடியட்டும் என்பார். அதற்குள் ஏப்ரல் முடிந்துவிடும், ஆர்டர் அமலுக்கு வந்துவிடும். எஸ்தர் டீச்சர் வேலை, சங்கத்தின் விதிமுறைக்கும் மேனேஜரின் செருப்புக்கும் நடுவில் கிடந்தது. அவர் ஒரு கால் செருப்பைப் போட்டும் விட்டார்.

டீச்சர் பையன்களின் பரீட்சைக் கட்டிலிருந்து எழுதாத தாள் ஒன்றை உருவினார். நின்றபடியே எழுதினார். மேனேஜரிடம் நீட்டினார்.

அவர் அதைக் கைக்கெட்டிய தூரத்தில் தள்ளிப் பிடித்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி வாசித்தார். "எஸ்தரை... ஏப்ரலில்... நிறுத்தவில்லை. லீவுக்கும்... சம்பளம் உண்டு. வேலை... தொடரும்." நிமிர்ந்தார். "இவ்ளோதானா?"

"இவ்ளோதாங்கய்யா."

"இத்த நானே படிச்சிட்டேனே."

முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தமிழய்யாவின் பையிலிருந்து பேனாவை அவரே எடுத்து, பெரிதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, இன்னொரு கால் செருப்பையும் மாட்டிக்கொண்டு போனார்.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் சங்கம் விடவில்லையே?

ஆர்ச் திறந்த மறுநாள், சனிக்கிழமை, முறைப்படி நோட்டீஸ் கொடுத்துப் பொதுக்குழு கூடியது. இரண்டு தீர்மானங்கள். இரண்டையும் தமிழய்யா எழுதியிருந்தார். முதல் தீர்மானம், சங்கத்தின் சரித்திரப் புகழ் வாய்ந்த வெற்றிக்குச் சங்கமே தன்னைப் பாராட்டிக்கொண்டு ஒத்துழையாமையை விலக்கிக்கொள்வது. இரண்டாவது, ஒத்துழையாமை அமலில் இருக்கும்போது நிர்வாகத்துக்கு எழுத்து வேலை செய்துகொடுத்ததற்காகவும், ஆசிரியர் தொழிலை வயல் வேலையோடு ஒப்பிட்டு அதன் மாண்பைக் குலைத்ததற்காகவும் எஸ்தர் டீச்சரைக் கண்டிப்பது.

"நம்மளைப் போய்க் கூலிக்காரங்கன்னு சொல்லிட்டாங்களே," என்று கணக்கு வாத்தியாருக்கு இன்னும் ஆறவில்லை. கூலியில்லாமல் மில் கணக்கு எழுதியவர் அவர். எனக்கும் அப்போதுதான் ஒன்று புரிந்தது. நம்மைப் படித்த வர்க்கம் என்கிறார்கள் அல்லவா? நம்மை எப்படி நடத்தினாலும் பொறுத்துக்கொள்வோம். அதற்கு என்ன பெயர் என்று யாராவது சொல்லிவிட்டால்தான் பொறுக்க மாட்டோம்.

கண்டனத் தீர்மானம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். எழுதியாகிவிட்டது, அதுவும் 'ஏகமனதாக' என்று எழுதியாகிவிட்டது, அடித்தால் நடை கெட்டுவிடும் என்றார் தமிழய்யா. ஏகமனது என்றால் எல்லாக் கையும் உயர வேண்டும். எஸ்தர் டீச்சரும் உறுப்பினர்.

தமிழய்யாவுக்கே சங்கடமாகப் போய்விட்டது. "தப்பா எடுத்துக்காதேம்மா. உன் கையையும் கொஞ்சம் தூக்கிட்டா..."

"தூக்கறேன் சார்," என்றார் எஸ்தர் டீச்சர். "இந்த மே மாசம் கைக்கு வேற வேலை இல்லியே."